இம்ப்ளான்ட் வைத்து மூக்கை மறுபடி சரிசெய்த பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் டிரெஸ்ஸிங் அறை என் பொறுப்பு. டாக்டர் முன்னால் "சரி டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வருகிறவர்கள், தையல் பிரிக்கும்போது என்னிடம் கேட்கிற கேள்விகள்தான் இவை. திரும்பத் திரும்ப அதே கேள்விகள் வருவதால் எழுதி வைத்தேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் மூக்கைத் தொட்டுப் பார்த்தவர் வேறு மாதிரி சொன்னால், அவரிடம் காரணம் கேளுங்கள்.

சிஸ்டர், ரிவிஷன்னா ஏற்கெனவே பண்ணதைத் திருத்துறதுதானே? முதல் தடவையைவிட ஈஸியாத்தானே இருக்கணும்?

நேர்மாறு. முதல் ஆபரேஷனில் அடுக்கடுக்காகப் பிரிந்த திசுக்கள் இரண்டாம் முறை தழும்பில் ஒட்டிக்கிடக்கும். தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்கள் சில ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும். இதெல்லாம் போக, மூக்கைக் கட்டுவதற்கு எடுக்கிற நடுத்தண்டுக் குருத்தெலும்பு (இரண்டு துவாரங்களுக்கும் நடுவே சுவர்போல இருப்பது) முதல் தடவையே செலவாகியிருக்கும். மிச்சம் இருப்பதை வழித்தெடுக்கவும் முடியாது. மேலேயும் முன்னாலும் குறைந்தது 1 செ.மீ. அகலத்துக்கு விட்டுவைத்தால்தான் மூக்கு நிற்கும்.

கையில் பொருள் இல்லாத இந்த நிலையில்தான் இம்ப்ளான்ட் என்கிற செயற்கைப் பொருள் வருகிறது. முதல் தடவை மூக்கின் முதுகு மேட்டை அதிகமாகச் சீவிவிட்டார்கள், பள்ளம் விழுந்தது, அடுத்த டாக்டர் சிலிகான் வைத்து நிரப்பினார். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்கிற கதை இது. ரத்த ஓட்டம் குறைந்த, தழும்பேறிய தோலுக்கு அடியில் உடம்புக்குச் சொந்தமில்லாத ஒரு பொருள் இருக்கிறது. கீழே வருகிற சிக்கல்களில் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

உள்ளே என்ன வச்சிருக்காங்கன்னே எனக்குத் தெரியலை. அது தெரிஞ்சுதான் ஆகணுமா?

கண்டிப்பாகத் தெரிய வேண்டும். பொதுவாகப் பயன்படுத்துகிறவை மூன்று. சிலிகான் வழவழப்பானது, திசு அதற்குள் வளராது. உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை கட்டிக்கொள்ளும், அதனால் எடுப்பது சுலபம். கோர்டெக்ஸ் என்கிற பொருளில் மிக நுண்ணிய துளைகள் உண்டு, திசு கொஞ்சம் உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். மெட்போர் கெட்டியானது, துளைகளும் பெரியவை. திசு நன்றாக ஊடுருவிவிடுவதால் நகராது, ஆனால் எடுக்க நேர்ந்தால் சுற்றியிருக்கும் திசுவையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

வடிவமும் முக்கியம். எல் வடிவ சிலிகான் புருவ நடுவிலிருந்து நுனியைத் தாண்டிக் கீழே மடங்கும். அந்த மடக்கு நுனித் தோலை உள்ளிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும். அதனால்தான் இப்போது பலர் மேட்டுக்கு மட்டும் சிலிகானை வைத்து, நுனியைக் காது அல்லது நடுத்தண்டுக் குருத்தெலும்பில் கட்டுகிறார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "ரைனோபிளாஸ்டி செய்யப்பட்டது" என்று ஒரே வரிதான் இருக்கும். அது போதாது. ஆபரேஷன் குறிப்பு என்று தனியாக ஒன்று உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். இம்ப்ளான்ட் டப்பாவில் இருந்த ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி உள்நோயாளிகளின் ஆவணங்களை 3 வருஷம் பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நாலாவது வருஷம் போய் நின்றால் கிடைக்கும் என்று உறுதியில்லை. ஆகவே இப்போதே வாங்குங்கள்.

பிளாஸ்டர் எடுத்த அன்னைக்கே அழுதுட்டேன். நான் கேட்ட மூக்கு இது இல்லை.

அநேகமாக ஒரு வாரத்தில் பிளாஸ்டரைப் பிரிப்போம். அன்று கண்ணாடியில் தெரிவது வீக்கத்தின் வடிவம். மேடு அகலமாக, நுனி பந்து போல, மூக்கு மொத்தமும் மேலே தூக்கினாற்போல் இருக்கும். மாறுவதும் ஒரே சீராக நடக்காது. மேட்டில் முதலில் வடியும், நுனியில் கடைசியில்தான் வடியும். இடது பக்கம் வடிந்து வலது பக்கம் வடியாமல் இரண்டு மாதம் நிற்கும். காலையில் வீங்கி, சாயங்காலம் இறங்கும்.

இந்த டிரெஸ்ஸிங் அறையில் அழாதவர்கள்தான் குறைவு. "ஏண்டா பண்ணிக்கிட்டோம்" என்ற எண்ணம் முதல் சில வாரங்களில் வலுவாக இருக்கும். தூக்கமின்மை, மயக்க மருந்தின் அசதி, வீட்டில் உள்ளவர்கள் "இருந்தது நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்வது எல்லாம் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

அப்போ எத்தனை மாசம் பொறுக்கணும்?

முதல் ஆபரேஷனுக்கு ஒரு வருஷம் என்பது பொதுக் கணக்கு. ரிவிஷனுக்கு ஒன்றரை, சிலருக்கு இரண்டு வருஷம்கூட ஆகும். நுனித் தோல் தடிமனாகவும் எண்ணெய்ப் பசையாகவும் இருந்தால் இன்னும் மெதுவாகத்தான் வடியும். நுனிக்குச் சற்று மேலே தழும்புத் திசு கட்டியாக நின்றுவிட்டால், சில டாக்டர்கள் கொஞ்சமாக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அளவு மிஞ்சினால் தோல் மெலிந்துவிடும். மெலிந்த தோலுக்கு அடியில் இம்ப்ளான்ட் இருப்பது நல்லதில்லை, அதனால் "இன்னொரு ஊசி போடுங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

பொறுமை எல்லாம் வடிவத்துக்கு மட்டும்தான். பரவும் சிவப்பு, சீழ், மூன்று மாதம் தாண்டியும் தீராத மூச்சடைப்பு இவற்றுக்குப் பொறுமை கூடாது. அதைக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

செல்ஃபியில மட்டும் பெருசா, கோணலா தெரியுது. நேர்ல அப்படி இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. யார் சொல்றது நிஜம்?

எல்லாரும் சொல்வதுதான். 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: முகத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கின் அகலம், 5 அடியில் எடுப்பதைவிடச் சுமார் 30% கூடுதலாகத் தெரிகிறது. சில போன்களில் முன்பக்கக் கேமரா எடுத்த படம், கண்ணாடியில் தெரிவதற்கு நேர்மாறாக இடவலம் மாறிப் பதிவாகும். கண்ணாடியில் பழகிய முகம் அதில் கோணலாகத் தெரிய அதுவே போதும்.

மாதம் ஒரு தடவை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், இன்னொருவரை 5 அடி தள்ளி நிற்கவைத்து, நேராக, இரண்டு பக்கவாட்டில், கீழிருந்து என்று நாலு படம் எடுங்கள். டாக்டரிடம் காட்டவும் அதுதான் உதவும். ஒரே நாள் சாயங்காலம் எடுத்த நாற்பது செல்ஃபியைத் தள்ளித் தள்ளிக் காட்டினால் அவருக்கும் ஒன்றும் புரியாது.

நுனி விறைப்பா இருக்கு, சிரிச்சா மேலுதடு இழுக்குது. தொட்டா உணர்ச்சியும் இல்லை.

உணர்ச்சி மெதுவாகத் திரும்பும், மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஒரு எச்சரிக்கை: மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. சளி என்று ஆவி பிடித்தும், சுடச்சுட ஒத்தடம் கொடுத்தும் மூக்கைப் பொசுக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன்.

விறைப்பு வேறு விஷயம். நுனியைத் தாங்க நடுத்தண்டோடு குருத்தெலும்பை நீட்டித் தைத்திருந்தால், அதுவும் விலா எலும்புக் குருத்தெலும்பாக இருந்தால், ஓரளவு விறைப்பு நிரந்தரமாகவே இருக்கும். மூக்கை முன்போல அழுத்தி மடக்க முடியாது. இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை.

மூச்சு விட முடியலை. இதுவும் வீக்கம்தானா?

முதல் ஆறு வாரம் வீக்கமாக இருக்கலாம், உள்ளே பொருக்குத் தட்டியிருக்கலாம். மூன்று மாதம் தாண்டியும் ஒரு பக்கம் அடைத்தே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உள்ளே குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நடுத்தண்டு கோணலாக இருக்கலாம், உள்ளே ஒட்டுத்தழும்பு விழுந்திருக்கலாம், அல்லது உள்வால்வு என்கிற குறுகலான இடம் இடிந்திருக்கலாம். கன்னத்தை விரலால் பக்கவாட்டில் லேசாக இழுத்தவுடன் மூச்சு திறந்தால் வால்வுப் பக்கம் சந்தேகப்படலாம்.

அழகு பிடிக்கவில்லை என்பதை எழுதி நிரூபிப்பது கஷ்டம். மூச்சடைப்பைப் பரிசோதித்து எழுதலாம். அது உங்கள் ஆவணத்தில் இருக்கட்டும்.

மூக்கு நுனி சிவந்திருக்கு. வெயில்ல போனதால இருக்குமோ?

இருக்கலாம். குளிரூட்டிய அறையில் வெளுத்து, வெயிலில் சிவக்கும் நுனி பலருக்கு உண்டு. தோல் மெலிந்திருப்பதன் அடையாளம் அது. ஆனால் சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், தொட்டால் சுட்டால், விண்விண் என்று தெறித்தால், மூக்குக்குள் நாற்றமோ சீழோ வந்தால், காய்ச்சல் இருந்தால் அன்றே காட்டுங்கள். நுனியில் பளபளவென்று ஒரு வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றிச் சிவப்பு என்றால் உள்ளிருந்து இம்ப்ளான்ட் தோலைத் துளைக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். அதைப் பரு என்று நினைத்துப் பிதுக்கிவிடாதீர்கள். தோல் கிழிவதற்கு முன் எடுத்துவிட்டால் பெரும்பாலும் தழும்பு வெளியே தெரியாது. கிழிந்த பிறகு எடுத்தால் நுனியில் குழி விழலாம்.

மஞ்சள் பற்று, ஐஸ், நீவிவிடுவது எதுவும் வேண்டாம். "வருஷம் அஞ்சாச்சு, இனிமேல் எப்படி இன்ஃபெக்ஷன் வரும்?" என்றும் கேட்கிறார்கள். வரும். சிலிகான் உள்ளே இருக்கிறவரை வரலாம்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டா அடங்கிடுது, நிறுத்தினா திரும்ப வருது. எடுத்துத்தான் ஆகணுமா?

அடங்கித் திரும்புகிறது என்றாலே பதில் பெரும்பாலும் ஆமாம்தான். இம்ப்ளான்ட்டின் மேல் கிருமிகள் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். மருந்து ரத்தத்தில்தான் ஓடுகிறது, சிலிகானுக்குள் ரத்தம் ஓடுவதில்லை. அதனால் சுற்றியிருக்கிற திசு தெளியும், படலம் அப்படியே இருக்கும்.

தள்ளிப்போடுவதில் உள்ள நஷ்டம் உடனே தெரியாது. ஒவ்வொரு தடவை சீழ் கட்டும்போதும் உள்ளே தழும்பு கூடுகிறது. தழும்பு சுருங்கும். சுருங்கும்போது நுனியை மேலே இழுக்கும், மூக்கு குட்டையாகும், நேராகப் பார்த்தாலே மூக்குத் துவாரம் தெரியும். திருத்துவதற்கு மிகக் கடினமான நிலை இது. கிருமி வந்த இம்ப்ளான்ட்டை வேகமாக எடுத்தவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க வழி இருக்கும். மாதக்கணக்கில் மாத்திரையில் ஓட்டியவர்களுக்கு அந்த வழியே குறுகிவிடுகிறது.

எடுத்துட்டா என் பழைய மூக்கு திரும்பி வந்துடுமா?

பழையது அப்படியே வராது. மேட்டில் மட்டும் மெல்லிய சிலிகான் வைத்து, எலும்பைத் தொடாமல், சீழும் பிடிக்காமல் இருந்தால் ஓரளவு அருகில் வரும். எலும்பைச் சீவியிருந்தால், நுனியைக் கட்டியிருந்தால், அவை மாறியது மாறியதுதான். எடுத்த இடம் சில சமயம் முன்பைவிடப் பள்ளமாகவும் தெரியும்.

பலர் எடுத்தவுடனே புதிதாக ஒன்றை வைக்கச் சொல்கிறார்கள். கிருமி இல்லாமல், வடிவத்துக்காக மட்டும் எடுத்தால் அதே நேரத்தில் சொந்தக் குருத்தெலும்பு வைப்பது உண்டு. சீழ் இருந்திருந்தால், தோல் மறுபடி மிருதுவாகும்வரை 6 மாதம், ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்வதுதான் வழக்கம். காயம் ஆறியதா என்று டாக்டர் நுனித் தோலைக் கிள்ளிப் பார்ப்பார். தோல் விரலோடு எழும்பி வர வேண்டும்.

விலா எலும்புக் குருத்தெலும்பு போட்டா ஆயுசுக்கும் பிரச்சினையே இல்லையாமே?

தொற்று, தோலைத் துளைப்பது இரண்டும் வெகுவாகக் குறையும், உண்மை. பிரச்சினையே இல்லை என்பது விளம்பரம். குருத்தெலும்பு நாளாவட்டத்தில் வளையும். எப்படிச் செதுக்கினால் வளைவு குறையும் என்று கிப்சன், டேவிஸ் என்ற இரு மருத்துவர்கள் 1958-லேயே எழுதினார்கள். இன்றும் அறுவை அரங்கில் செதுக்கி வைத்து, சிறிது நேரம் காத்திருந்து, வளைகிறதா என்று பார்த்துத்தான் பொருத்துகிறார்கள். பொடிப்பொடியாக நறுக்கி உறையில் சுற்றி வைக்கும் முறையும் உண்டு. துருக்கி மருத்துவர் எரோல் 2000-இல் வெளியிட்ட வழி அது. அதில் வளைவு இல்லை, ஆனால் கொஞ்சம் கரையலாம்.

மார்பில் ஒரு தழும்பு இருக்கும். இருமினால், தும்மினால் சில வாரம் வலிக்கும். அபூர்வமாக நுரையீரல் உறையில் ஓட்டை விழலாம். வயது ஏற ஏறக் குருத்தெலும்பு சுண்ணாம்பாகி உடையும், அதனால் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு முன்னதாகவே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

சின்ன பள்ளம்தான் தெரியுது. பார்லர்ல ஃபில்லர் ஊசி போட்டா போதாதா?

போடாதீர்கள். ஊசி மருந்து ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் கருகும், கண்ணுக்குப் போகும் குழாய் அடைபட்டால் பார்வையே போகும். ஆபரேஷன் ஆன மூக்கில் குழாய்கள் இடம் மாறியிருக்கும், தழும்பு அழுத்தும், ஆபத்து கூடுதல். இம்ப்ளான்ட் இருக்கிற இடத்தில் ஊசி குத்துவது கிருமிக்கும் வழி. பார்லர் என்ற சொல்லுக்கே இதில் இடமில்லை.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? ஏர்போர்ட்ல கத்துமா? கண்ணாடி, ஹெல்மெட், மூக்குத்தி?

மேலே சொன்ன மூன்று பொருளிலும் உலோகம் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், சொல்லிவிட்டு எடுங்கள். ஏர்போர்ட்டில் கத்தாது. கண்ணாடி முதல் 4 முதல் 6 வாரம் மூக்கில் உட்காரக் கூடாது, நெற்றியில் டேப் போட்டுத் தூக்கி ஒட்டுங்கள். முழு ஹெல்மெட்டைக் கழற்றும்போது மூக்கில் உரசும், அதனால் அந்த வாரங்களில் வண்டியே ஓட்டாதீர்கள், ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. பழைய மூக்குத்தி ஓட்டை இருந்தால் டாக்டர் சொன்ன பிறகு போடலாம். புதிதாகக் குத்துவது என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். "தட்டான் கடையில ஒரு செகண்டுதானே சிஸ்டர்" என்பார்கள். அந்த ஒரு செகண்டில் போகிற கிருமி பக்கத்திலேயே இம்ப்ளான்ட்டைக் கண்டுபிடித்துவிடும்.

கல்யாணம் பேசறாங்க. பிள்ளைக்கு என் பழைய மூக்குதான் வருமா?

ஆமாம், ஆபரேஷன் மரபணுவை மாற்றாது. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது மருத்துவக் கேள்வி இல்லை. ஆனால் கூட வாழப்போகிறவருக்கு ஒரு காரணத்துக்காகத் தெரிந்திருக்க வேண்டும்: விபத்திலோ அவசரத்திலோ மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டிவந்தால், உள்ளே இம்ப்ளான்ட் இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

டாக்டர் நல்லாத்தான் இருக்குங்கிறார். எனக்கு அதைத் தவிர வேற நினைப்பே இல்லை.

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, டாக்டர் சொல்வது சரியா என்பது. அதற்கு அவரோடு தொடர்பில்லாத இன்னொரு எம்.சிஎச். (பிளாஸ்டிக் சர்ஜரியில் உயர்படிப்பு) முடித்த பிளாஸ்டிக் சர்ஜனிடமோ, மூக்கு வேலை அதிகம் செய்யும் இ.என்.டி. மருத்துவரிடமோ காட்டுங்கள். ஆபரேஷன் குறிப்பையும் மேலே சொன்ன நாலு படங்களையும் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, நினைப்பு. தினமும் மணிக்கணக்கில் கண்ணாடி பார்ப்பது, வேலைக்குப் போகாமல் இருப்பது, மாஸ்க் இல்லாமல் வாசல் தாண்டாதது, பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையே நாள் முழுக்க ஓடுவது. இதற்கு உடல் தோற்றம் பற்றிய மனநோய் என்று மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. கத்தியால் இது தீராது, ஆபரேஷனுக்குப் பிறகு கவலை வேறொரு இடத்துக்கு நகரும். பேச்சு சிகிச்சையும் மாத்திரையும் நன்றாக வேலை செய்கின்றன. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழில் பேசலாம். "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்கள் உண்டு. கவலையை அளந்து பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

சியோல்ல பண்ணிட்டு வந்தேன். இங்க யாரும் தொட மாட்டேங்கிறாங்க.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மூக்கைத் திறக்க எந்த டாக்டரும் யோசிப்பார். ஆபரேஷன் குறிப்பை மெயில் எழுதிக் கேளுங்கள், கொரிய மொழியில் வந்தாலும் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். பொது மயக்கம் கொடுத்துச் செய்யும் அறைகளில் கேமரா இருக்க வேண்டும் என்று கொரியாவில் 2023 செப்டம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்யச் சொல்லி நோயாளி முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். தகராறு என்றால் மருத்துவத் தகராறுகளுக்கு என்றே அங்கே 2012 முதல் ஒரு சமரச அமைப்பு இருக்கிறது, வெளிநாட்டவரும் போகலாம். சிவப்பும் சீழும் இருந்தால் இந்தக் காகிதம் எதற்கும் காத்திருக்காமல் உள்ளூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

பணம் திரும்பக் கிடைக்குமா? கேஸ் போடலாமா?

இன்ஷூரன்ஸில் அழகு சிகிச்சை விலக்கப்பட்டது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்பு போன்றவற்றுக்குத்தான் விதிவிலக்கு. 18% ஜி.எஸ்.டி.யும் கட்டியிருப்பீர்கள்.

கேஸ் போடலாம். 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இப்போது 2019 சட்டப்படி 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும். ஆனால் "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது அலட்சியத்துக்கு நிரூபணம் ஆகாது. சம்மதம் வாங்காமல் வேறு பொருளை வைத்தது, சீழ் என்று சொல்லியும் பார்க்காமல் விட்டது போன்றவைதான் நிற்கும். கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தில் இம்ப்ளான்ட் என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் கேட்டுட்டேன் சிஸ்டர். மூணாவது தடவை பண்ணிக்கட்டுமா?

மூச்சடைப்பு, வெளியே வரப்பார்க்கும் இம்ப்ளான்ட், சுருங்கிக் குட்டையான மூக்கு இவற்றுக்கு ஆம். விரலால் தொட்டுக் காட்ட முடிகிற ஒரே குறை, ஒன்றரை வருஷம் கழிந்த பிறகும் அப்படியே இருக்கிறது என்றால் யோசிக்கலாம். "மொத்தமா ஏதோ சரியில்லை" என்றால் எந்த டாக்டராலும் அதைச் செய்து முடிக்க முடியாது.

போகிற இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பழைய குறிப்பைக் கேட்கிறாரா, தோலைத் தொட்டுப் பார்க்கிறாரா, காதிலும் விலாவிலும் என்ன மிச்சம் என்று பார்க்கிறாரா, சிகரெட்டை நிறுத்தச் சொல்கிறாரா, எது முடியாது என்று வாய் திறந்து சொல்கிறாரா? கம்ப்யூட்டரில் புது மூக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, இந்த மாதம் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.